லண்டனிலிருந்து ஒரு நாள்: எந்தக் கடற்கரை ஊர்?

கேள்வி: ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம், கார் கிடையாது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு ஆறு வயது, ஒன்பது வயது. ஆகஸ்டில் ஒரு நாள் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்புகிற மாதிரி, பழைய பாணி ஆங்கிலேயக் கடற்கரை ஊர் ஒன்றைக் காட்ட வேண்டும். பியர் (கடலுக்குள் நீளும் உல்லாசப் பாலம்), கடலோர நடைபாதை, மணல் எல்லாம் இருந்தால் நல்லது. கேட்டவர்கள் எல்லோரும் பிரைட்டன் என்கிறார்கள். சரியா?

பிரைட்டன் தப்பில்லை. ஆனால் உங்கள் அம்மாவின் முழங்காலையும் பிள்ளைகளின் வயதையும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு கென்ட் மாவட்டத்து மார்கேட்டுக்கு. அங்கே பியர் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைத் திட்டக் கூடாது. இருந்தும் ஏன் மார்கேட் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டியிருக்கிறது.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் அம்மாவை சவுத்எண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்து ஊர், சுலபமான ரயில், வேறு யோசனையே இல்லை. இறங்கிக் கடைத்தெரு வழியாக நடந்து கரைக்கு வந்தால் கடலைக் காணோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் சாம்பல் நிறச் சேறு. படகுகள் அதில் ஒருக்களித்துப் படுத்திருந்தன. தஞ்சாவூர்க்காரியான அம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "கடலைக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்து வயலைக் காட்டறியேடா, நடவுக்கு ஆள் விடணுமா?" என்றாள்.

கடல் எங்கும் போய்விடவில்லை, வற்று நேரம், அவ்வளவுதான். சென்னையில் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் மெரினாவுக்கு எத்தனை மணிக்குப் போனாலும் கடல் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் சவுத்எண்டில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் ஐந்து மீட்டரைத் தாண்டும். கரை வேறு தட்டை. ஆகவே தண்ணீர் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்குப் பின்வாங்கி, ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பி வருகிறது. இந்த நாட்டில் கடற்கரைக்கு நாள் குறிக்கும்போது வானிலையை மட்டும் பார்க்கிறோம். வற்றும் பெருக்கும் எத்தனை மணிக்கு என்று பார்ப்பதில்லை. நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

சவுத்எண்டின் புகழ்பெற்ற பியர் பிறந்ததும் இந்தச் சேற்றால்தான். லண்டனிலிருந்து படகில் வந்தவர்கள் வற்று நேரத்தில் கரையிறங்க முடியவில்லை. 1830இல் மரத்தால் ஒரு பாலம் போட்டார்கள். அது ஆழமான தண்ணீரை எட்டவில்லை. நீட்டினார்கள், மறுபடியும் நீட்டினார்கள். 1889இல் இரும்பால் புதிதாகக் கட்டினார்கள். இன்றைக்கு அதன் நீளம் சுமார் 2.16 கிலோமீட்டர். உல்லாசத்துக்கென்று இருக்கிற பியர்களில் உலகத்திலேயே நீளமானது அதுதான். உங்கள் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பழைய பாம்பன் ரயில் பாலத்தைவிட ஒரு நூறு மீட்டர் அதிகம். இதன் மேலும் ரயில் ஓடுகிறது, குட்டி ரயில். நடந்து போனால் அரை மணி நேரம். முழங்கால் வலிக்காரர்கள் உட்கார்ந்தபடியே கடலின் நடுவுக்குப் போய்ச் சேரலாம். ஆக, பியர்தான் முக்கியம் என்றால் சவுத்எண்ட். ஈஸ்ட் ஹாமிலிருந்து அடுத்த நிறுத்தமான பார்க்கிங்கில் மாறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அதற்கு முழு நாளைச் செலவழிக்கத் தேவையில்லை. வானம் வெளுத்திருக்கிற ஒரு மாலையில், பெருக்கு நேரம் பார்த்து, மூன்று மணிக்குக் கிளம்பிப் போய்விட்டு வாருங்கள்.

இனி "பழைய பாணி" என்கிற விஷயம். நமக்குக் கடற்கரை ஊர் என்றால் மீன்பிடி ஊர், துறைமுகம், இல்லையென்றால் திருச்செந்தூர், ராமேஸ்வரம் மாதிரி தலம். நாம் புண்ணியத்துக்காகக் கடலில் முழுகினோம். ஆங்கிலேயர்கள் மருந்துக்காக முழுகினார்கள். 1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் சுரப்பி நோய்களுக்குக் கடல்நீர் நல்லது என்று லத்தீனில் ஒரு நூல் எழுதினார். குளிப்பதற்கு மட்டுமல்ல, குடிப்பதற்கும்! அவர் பிரைட்டனுக்கே குடிபெயர, பணக்கார நோயாளிகள் பின்னாலேயே வந்தார்கள். 1841இல் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயில் வந்த பிறகு குமாஸ்தாவும் தொழிலாளியும் வர ஆரம்பித்தார்கள். 1871இல் வங்கி விடுமுறைச் சட்டம், 1938இல் சம்பளத்தோடு விடுப்புச் சட்டம். ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் கூட்டத்தைக் கரைக்குத் தள்ளியது. பியர், இசை மேடை, மழைக்கு ஒதுங்கக் கண்ணாடி அடைத்த பெஞ்சுகள், எழுத்து ஓடும் இளஞ்சிவப்பு மிட்டாய்க் குச்சி என்று நீங்கள் மனதில் வைத்திருக்கிற எல்லாமே அந்த ரயில் கூட்டத்துக்காக வந்தவை. பிறகு 1960கள், 70களில் ஸ்பெயினுக்கு மலிவான விமானம் கிளம்பியது. வெயில் நிச்சயமாகக் கிடைக்கிற இடத்துக்கு ஜனம் போய்விட்டது. அதனால் இந்த ஊர்களில் பெயின்ட் உரிந்த ஓட்டல்களைப் பார்த்து அப்பா "என்னப்பா இது, பாழடைஞ்ச மாதிரி இருக்கு" என்றால், நம் ஜமீன் பங்களாக்களை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கதை கிட்டத்தட்ட அதேதான்.

ரயிலால் பிறந்த ஊர்கள் என்பதால் கார் இல்லாதது உங்களுக்குக் குறையே இல்லை. ஆனால் ரயில் நிலையம் எல்லா ஊரிலும் கடலை ஒட்டி இருக்காது. எந்த ஊரைப் பற்றி யார் எவ்வளவு புகழ்ந்தாலும், நிலைய வாசலிலிருந்து அம்மா உட்காரப் போகிற முதல் பெஞ்சு வரை எத்தனை நிமிஷ நடை, திரும்பும்போது அது ஏற்றமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். போர்ன்மவுத்தின் மணலுக்கு ஈடு தென்கரையில் குறைவு. ஆனால் நிலையத்திலிருந்து கடல் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். லண்டனிலிருந்து ரயிலே இரண்டு மணி நேரம். ஒரு நாள் பயணத்துக்கு அது எனக்குச் சரிப்படவில்லை.

பிரைட்டனுக்கு வருகிறேன். நிலையத்திலிருந்து கடல் நேர் சாலை, கால் மணி நேரம், இறக்கம். போகும்போது சுகம். மாலையில் களைத்த பிள்ளைகளையும் அம்மாவையும் அந்த ஏற்றத்தில் திரும்பக் கூட்டி வருவதை நினைத்துப் பாருங்கள். கரை முழுக்கக் கூழாங்கல். மணல்வீடு கட்ட வாளியோடு போகிற ஆறு வயதுப் பிள்ளை ஏமாந்துவிடும். வெயில் அடிக்கிற சனிக்கிழமைகளில் தென்கரையின் பாதிக் கூட்டம் அங்கேதான்.

ஆனால் உங்கள் அப்பாவுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் அவரைப் பிரைட்டனுக்குத்தான் கூட்டிப் போக வேண்டும். அங்குள்ள ராயல் பெவிலியன், இளவரசர் ஒருவர் ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து 1815 முதல் கட்டிக்கொண்ட கேளிக்கை மாளிகை. இந்தியாவைக் கண்ணால் பார்க்காத இளவரசர், இந்தியக் குவிமாடங்களையும் மினார்களையும் ஆங்கிலக் கடற்கரையில் எழுப்பிக்கொண்டார். வேடிக்கை அதோடு முடியவில்லை. முதல் உலகப் போரில் பிரான்ஸ் களத்தில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களை 1914 முதல் 1916 வரை இதே மாளிகையில் படுக்க வைத்து வைத்தியம் பார்த்தார்கள். சாதி, மத ஆசாரம் கெடாமல் இருக்கத் தனித்தனிச் சமையல் கூடங்கள் போட்டார்கள். இறந்துபோன இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921இல் எழுந்த வெள்ளைப் பளிங்கு மண்டபத்துக்குப் பெயரே 'சத்ரி', அதாவது குடை. பேருந்து வாசலில் கொண்டுபோய் விடாது, புல்வெளியில் ஏறி நடக்க வேண்டும், அதனால் அம்மாவுக்கு வேண்டாம். மாளிகையின் தெற்கு வாசலில் இந்தியர்கள் நன்றியாகக் கொடுத்த தோரண வாயிலையாவது அப்பா பார்க்கட்டும்.

கூழாங்கல் கரைகளில் எனக்குப் பிடித்தது ஈஸ்ட்போர்ன். பெரியவர்கள் மட்டும் போகிறார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லிவிடுவேன். சமதளமான நீண்ட நடைபாதை, பூப்பாத்திகள், 1870இல் திறந்த பியர், 1930களின் நீலக் குவிமாட இசை மேடை. நிலம் பிரபுக் குடும்பம் ஒன்றின் கையில் இருந்ததால் கடல் முகப்பில் கடைகளை அண்டவிடவில்லை; இரைச்சல் குறைவு. பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் "அப்புறம் என்ன?" என்று கேட்டுவிடுவார்கள் என்பதுதான் சிக்கல். ஹேஸ்டிங்ஸ் வேறு மாதிரி. கரையிலிருந்தே படகைக் கடலில் இறக்குகிற மீனவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். வலைகளை நனையாமல் வைக்கக் கட்டிய கறுப்பு மரக் கொட்டகைகள் மெலிந்து உயர்ந்து நிற்கும். நாகப்பட்டினம், பருத்தித்துறைப் பக்கத்துக்காரர்கள் யாராவது கேட்டால் அந்த ஊரைச் சொல்வேன்.

மார்கேட்டில் நிலைய வாசலை விட்டு வெளியே வந்தால் எதிரே கடல். ஐந்து நிமிஷத்தில் மணலில் கால் வைத்துவிடலாம், பெரும்பாலும் சமதளம். மணல் என்றால் நிஜமான மணல், வாளியைக் கவிழ்த்தால் உருவம் நிற்கிற மணல். ஊரும் அசல் பழைய ஊர். ரயில் வருவதற்கு முன்பே லண்டன்காரர்கள் தேம்ஸ் வழியாகப் படகில் வந்து குளித்த கரை இது. பெண்கள் கூச்சமில்லாமல் குளிப்பதற்காக, சக்கரம் வைத்த சிறு அறையைக் குதிரையை வைத்துத் தண்ணீருக்குள் இழுத்துப் போவார்கள். அதன் முன்னால் குடை போல விரிகிற மறைப்பைச் சேர்த்தவர் பெஞ்சமின் பீல் என்ற இவ்வூர்க்காரர், 18ஆம் நூற்றாண்டின் நடுவில். ட்ரீம்லேண்ட் என்ற பூங்காவில் 1920இல் கட்டிய மர ரோலர்கோஸ்டர் இருக்கிறது. தீப்பிடித்து எரிந்து, 2015இல் சீரமைத்துத் திறந்தார்கள். அது இப்போது ஓடுகிறதா என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுங்கள். மழை பிடித்துக்கொண்டால் கரையிலேயே டர்னர் கன்டெம்பரரி கலைக்கூடம், 2011இல் திறந்தது, நுழைவு இலவசம். உட்கார இடம், கழிப்பறை, கடல் தெரியும் பெரிய கண்ணாடிச் சுவர் என மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரியவர்களோடு போகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது போனவர்களுக்குத்தான் தெரியும். இன்னும் நேரமிருந்தால் சிப்பிக் குகை. சுவர் முழுக்க லட்சக்கணக்கான சிப்பிகள் பதித்த நிலத்தடி வழி, 1835இல் கண்டுபிடித்தார்கள், யார், எதற்காகச் செய்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

பியர் விஷயம்: மார்கேட்டில் பியர் மாதிரி இருந்த இரும்புப் படகுத்துறையை 1978 ஜனவரிப் புயல் உடைத்துப் போட்டுவிட்டது. மிச்சம் இருப்பது வளைந்து போகும் கல் அணை. அதை 'ஹார்பர் ஆர்ம்' என்கிறார்கள். சிறியது, முனையில் ஒரு கலங்கரை விளக்கம், வழியில் சில காபிக் கடைகள். அம்மா அந்தத் தூரம் தாராளமாக நடப்பார்.

அடுத்த நிலையம் பிராட்ஸ்டேர்ஸ். வளைந்த சிறு விரிகுடா, அதைப் பார்த்தபடி பழைய வீடுகள். அழகைக் கேட்டால் மார்கேட்டைவிட இதுதான் என்பேன். நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிஷம் கீழ்நோக்கி நடக்க வேண்டும், கரை குன்றுக்குக் கீழே, திரும்ப ஏற வேண்டும். அம்மாவின் முழங்கால் மட்டும் ஒத்துழைத்தால் உங்களை இங்கேதான் அனுப்பியிருப்பேன்.

போகிற வழி: ஈஸ்ட் ஹாமிலிருந்து வெஸ்ட் ஹாம், அங்கே டி.எல்.ஆர். என்கிற உள்ளூர் ரயிலுக்கு மாறி ஸ்ட்ராட்ஃபோர்டு இன்டர்நேஷனல். வெறும் ஸ்ட்ராட்ஃபோர்டில் இறங்கிவிட்டால் ஷாப்பிங் சென்டரைக் கடந்து நடக்க நேரும். (பெயரில்தான் இன்டர்நேஷனல், வெளிநாட்டு ரயில் ஒன்றும் அங்கே நிற்பதில்லை.) அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மார்கேட். சாதாரண ரயிலைவிடக் கட்டணம் சற்றுக் கூடுதல், பெரியவர்களுக்காகக் கொடுக்கலாம். 'ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' ரயில்கார்டு ஒன்று வாங்கிவிடுங்கள். நான்கு பெரியவர், நான்கு பிள்ளைகள் வரை போகலாம். பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி. உங்கள் வீட்டுக் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. வார நாளில் காலை நெரிசல் நேரத்தில் அது செல்லாது, அதனால் ஒன்பதரைக்கு மேல் கிளம்புகிற ரயிலாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். தண்டவாள வேலை என்று பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றிவிடுகிற நாள் பெரும்பாலும் அதுதான். ஆகஸ்ட் கடைசித் திங்கள் விடுமுறை வேண்டவே வேண்டாம். செவ்வாய், புதன் உத்தமம்.

எந்த வாரம் என்பதற்கு வற்று அட்டவணையைப் பாருங்கள். மார்கேட்டிலும் தண்ணீர் நன்றாக இறங்கும், ஆனால் சேறு அல்ல, மணல் விரியும். பெருக்கு நேரத்தில் மணல் சுருங்கிக் கூட்டம் நெருக்கும். மதியம் ஒன்று முதல் மூன்று மணிக்குள் வற்று வருகிற நாளாக எடுத்தால் பிள்ளைகளுக்கு நாள் முழுக்க இடம். நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். இந்த வாரம் பொருந்தாவிட்டால் அடுத்த வாரம் பொருந்தும்.

அடுத்து நான் சொல்லப்போவதை வீட்டில் எல்லோரும் கேட்கட்டும். ஆகஸ்டில் தண்ணீரின் வெப்பம் 17, 18 டிகிரிதான். நம் கடலில் குளித்துப் பழகியவர்கள் சட்டென்று இறங்கினால் மூச்சு திணறும். 2016 ஆகஸ்ட் 24 அன்று சசெக்ஸில் உள்ள கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரைக்கு லண்டனிலிருந்து ஒரு நாள் பொழுதுபோக்கப் போன ஐந்து தமிழ் இளைஞர்கள் வீடு திரும்பவில்லை. அந்தக் கரை தட்டை, நடுவில் மணல்திட்டுகள். பெருக்கு ஏறும்போது தண்ணீர் முதலில் திட்டுக்குப் பின்னால், கரைப்பக்கம் நிரம்பும். திட்டின்மேல் நிற்பவருக்குக் காலடியில் மணல்தான் தெரியும். கரைக்குத் திரும்பும் வழி போயிருக்கும். அன்றைக்கு அங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை, பிறகுதான் அமர்த்தினார்கள். ஆகவே உயிர்காப்பாளர் இருக்கிற கரை, சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியல். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. ஆரஞ்சு நிறக் காற்றுப்பை பறந்தால் காற்றடைத்த மிதவை எதையும் தண்ணீரில் விடக் கூடாது, கரைக்காற்று அதைப் பிள்ளையோடு வெளியே கொண்டுபோய்விடும். ஆபத்து என்றால் 999, "கோஸ்ட்கார்டு" என்று கேளுங்கள்.

சாப்பாடு. அம்மா அப்பா சைவம் என்றால் உருளைக்கிழங்குச் சிப்ஸ்தானே என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பழைய பாணிக் கடைகள் சிலவற்றில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், வடக்கே அது இன்னும் அதிகம். எந்த எண்ணெய் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதில் ஒரு வெட்கமும் இல்லை. இந்த ஊர்களுக்கு நூற்றைம்பது வருஷமாக ஜனம் கட்டுச்சோற்றோடுதான் வந்தது. கடற்காகங்கள் மட்டும் பின்பக்கமாக வந்து கையிலிருந்து பறிக்கும், சுவரை ஒட்டி முதுகைக் கொடுத்து உட்காருங்கள். ஜூலை, ஆகஸ்டானாலும் எல்லோருக்கும் ஒரு காற்றுச்சட்டை. குடை கொண்டுபோகாதீர்கள், கடற்காற்று அதை மடக்கிவிடும்.

மான்செஸ்டர், லீட்ஸ் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேறு. அவர்களுக்கு பிளாக்பூல் இருக்கிறது, 1894இல் திறந்த கோபுரமும் மூன்று பியர்களும் கரையோர டிராமும் சேர்த்து. லண்டனிலிருந்து ஒரே நாளில் அதற்கு ஆசைப்படாதீர்கள்.

மார்கேட் கரை வடமேற்கைப் பார்த்திருக்கிறது. கிழக்குக் கரையோரத்து ஊராக இருந்தும் அதனால் கோடையில் சூரியன் கடலில் இறங்குவதை அங்கிருந்து பார்க்கலாம். ஆகஸ்ட் நடுவில் அது எட்டேகால் மணியை ஒட்டி. அதற்குப் பிறகு எத்தனை மணிக்கு அதிவேக ரயில் இருக்கிறது என்பதைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நிலையம் ஐந்து நிமிஷத்தில் என்பதால், சூரியன் முழுக்க முங்கிய பிறகு எழுந்தால் போதும்.